ஓசூர் தடத்து கூட்ஸ் வேகன்: ஆதாரம் தேடி, அளவெடுத்து, மாதிரி செய்யும் முறை

கிருஷ்ணகிரி இன்று ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரம். 1905 முதல் 1941 வரை அந்த ஊருக்கு ரயில் வந்துபோனது. திருப்பத்தூரில் பெரிய வண்டியிலிருந்து இறக்கிய சரக்கு, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சிறு வேகன்களில் மாற்றி ஏற்றப்பட்டு ஊர் வந்து சேர்ந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லும், அங்கிருந்து ஓசூருக்கு 1913-லும் அதே அகலத்தில் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்க வழி வேண்டும் என்பது இந்தப் பாதைகளைப் போட்டதற்கு முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-ல், இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

எஞ்சின்களைப் படம் பிடித்தவர்கள் உண்டு, பட்டியல் போட்டவர்கள் உண்டு. ஹியூ ஹியூஸ் இந்திய நேரோ கேஜ் எஞ்சின்களுக்கென்றே 1994-ல் தனிப் புத்தகம் கொண்டுவந்தார். வேகனை அப்படிக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்த வட்டாரத்தின் புளியும் கேழ்வரகும் நிலக்கடலையும் விறகும் போய்வர எஞ்சினைவிட வேகன்தான் வேண்டும். ஒரு வேகனைச் சரியாகச் செய்து வைத்தால் ஊரின் பொருளாதாரத்தில் ஒரு துண்டைக் கண்ணெதிரே நிறுத்தியதாகும். பொம்மை ரயில் வாங்கி ஓட்டுவதைவிட இது பொறுமை கேட்கும் வேலை. ஆனால் ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெர்னியரும் வரைபடமும் கையில் புழங்கும் ஊர் இது.

ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த வேகன் என்று யோசிக்கும் முன் எந்த ஆண்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த ஒரே நிலப்பரப்பில் மூன்று அகலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயிருக்கின்றன. 1941 வரை 762 மில்லிமீட்டர் நேரோ கேஜ். பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓசூருக்கு ரயிலே கிடையாது. 1960-களின் இறுதியில் சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக வந்தது. 1990-களில் அதை 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜாக மாற்றினார்கள்.

இந்த வரிசை மனதில் இருந்தால் பெரும்பாலான தவறுகள் நெருங்காது. 1980 வாக்கில் சிப்காட் வளாகத்தில் பெரிய ஆலைகள் எழுந்துகொண்டிருந்தபோது ஓசூர் நிலையத்தில் நின்றவை மீட்டர் கேஜ் வேகன்கள். அந்தக் காலக் காட்சியில் பாக்ஸ்-என் என்ற பிராட் கேஜ் வேகனை நிறுத்தினால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அது பொய். அதேபோல், கிருஷ்ணகிரி நேரோ கேஜ் வேகனின் பக்கவாட்டில் தெற்கு ரயில்வேயின் எழுத்து வரக்கூடாது. தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14-ல். அந்தப் பாதை அதற்குப் பத்து ஆண்டு முன்பே போய்விட்டது. 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயின் ஜோலார்பேட்டை–மங்களூர் பகுதி தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு மாறியது. ஆகவே கிளைப்பாதைகள் திறந்த புதிதில் ஒரு கம்பெனி, சில ஆண்டுகளில் வேறொரு கம்பெனி. 1906-க்கும் 1930-க்கும் எழுத்து மாறும்.

எனவே உங்கள் நோட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “மொரப்பூர், 1930, அறுவடை முடிந்த மாதம்” அல்லது “ஓசூர் கூட்ஸ் ஷெட், 1985”. இதற்குப் பிறகு எழும் ஒவ்வொரு கேள்விக்கும் இந்த வரிதான் நீதிபதி.

காகிதங்கள் எங்கே கிடக்கின்றன

மாவட்ட எல்லைகள் மாறியதால் தேடுபவர் தடுமாறும் இடம் இது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் பிறந்தது. அதற்கு முன் தருமபுரி மாவட்டம். அது சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்தது. நேரோ கேஜ் காலம் முழுவதும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றும் சேலம் மாவட்டம். திருப்பத்தூர் மட்டும் 1911-ல் வட ஆற்காட்டுக்குப் போனது. ஆகவே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் சேலம் மாவட்டம், வட ஆற்காடு, பொதுப்பணித் துறையின் ரயில்வே பிரிவு ஆகிய தலைப்புகளில் கேளுங்கள். கிருஷ்ணகிரி என்று மட்டும் கேட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும். பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஒன்றுபோல் இருக்காது. திருப்பத்தூரையும் மொரப்பூரையும் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள்.

எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-ல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரை முதலில் படித்துவிடுங்கள். பாதை போட்ட பின்னணியும் வட்டாரத்தின் விளைச்சலும் சந்தைகளும் அதில் உண்டு. வேகனுக்குள் என்ன ஏற்றுவது என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் விடை வரும். அடுத்தது ரயில்வே போர்டின் ஆண்டறிக்கைகள். ஒவ்வொரு பாதையிலும் எத்தனை எஞ்சின், எத்தனை வேகன், எவ்வளவு டன் சரக்கு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். வடிவம் தெரியாவிட்டாலும் எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கை முக்கியம்: நூறு வேகன்களில் மூன்றுதான் எண்ணெய் டேங்கர் என்றால், உங்கள் ஐந்து வேகன் வண்டியில் டேங்கருக்கு இடமில்லை.

வடிவத்துக்கு டயகிராம் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு ரயில்வேயும் தன் வேகன் வகைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக, நீளம், அகலம், சக்கர இடைவெளி, காலி எடை போட்டு வரைந்து வைத்திருந்தது. மீட்டர் கேஜ், பிராட் கேஜ் காலத்துக்கு லக்னோவின் ஆர்.டி.எஸ்.ஓ. (1957-ல் தொடங்கியது) வரைபடங்களும், குவாலியரின் கேம்டெக் வெளியிட்ட வேகன் பராமரிப்புக் கையேடுகளும் உண்டு. நேரோ கேஜ் காலத்துக்கு இங்கிலாந்தில் வேகன் கட்டிய கம்பெனிகளின் பக்கம் பாருங்கள். புது வேகன் வெளியேறும் முன் அதைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. குளூஸ்டர் வேகன் கம்பெனியின் அப்படிப்பட்ட படங்கள் குளூஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்திய நில அளவைத் துறையின் ஒரு அங்குல வரைபடங்களையும் விடாதீர்கள். ஓசூர் 57 எச் தாளிலும், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 57 எல் தாளிலும் வரும். 1941-க்கு முன் அச்சான பதிப்பு கிடைத்தால் பாதையின் வளைவும் மேடும் தெரியும். வளைவு கடுமை என்றால் வேகன் குட்டை. மேடு அதிகம் என்றால் வண்டியில் வேகன் எண்ணிக்கை குறைவு. வரைபடம் பார்த்தே இவ்வளவு ஊகிக்கலாம்.

இன்றைய ஓசூர் பற்றி எழுதிக் கேட்க வேண்டுமானால், நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் நிர்வாகம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். 2003-க்கு முந்தைய கோப்புகள் தெற்கு ரயில்வே காலத்தவை. எல்லையோர ஊரின் ஆவணம் இரண்டு தலைநகரங்களில் பிரிந்து கிடப்பதை ஏற்றுக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் கடிதம் போடுங்கள்.

கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது

கிருஷ்ணகிரி வேகன் எதையும் இன்று தொட்டுப் பார்க்க முடியாது. அதன் உறவினர்களைப் பார்க்கலாம். பங்காருபேட்டையிலிருந்து கோலார், சிக்பள்ளாபூர் வழியாக எலகங்காவுக்கு அதே இரண்டரை அடி அகலத்தில் ஒரு பாதை 1990-கள் வரை பிழைத்திருந்தது. ஓசூரிலிருந்து கல்லெறி தூரம் என்று சொல்லிவிடலாம். அது மைசூர் சமஸ்தானத்துப் பாதை. வேகன்கள் அப்படியே ஒன்றாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டரை அடி வண்டி மனித உயரத்துக்கு முன் எப்படித் தெரியும், பிளாட்பாரம் எவ்வளவு தாழ்வு என்பதையெல்லாம் அங்கே நீராவி ரசிகர்கள் எடுத்த படங்கள் காட்டும். நாக்பூரின் மோதிபாக்கில் நேரோ கேஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. மீட்டர் கேஜுக்கு மைசூரு ரயில் அருங்காட்சியகம் (1979), சென்னை ஐ.சி.எஃப். அருகே உள்ள வட்டார அருங்காட்சியகம், திருச்சி ரயில் அருங்காட்சியகம் மூன்றும் நமக்குப் பக்கம். அங்கெல்லாம் போகும்போது உடம்பைவிட அடியை அதிகம் படம் எடுங்கள். பிரேக் சிலிண்டர், நெம்புகோல், ஸ்பிரிங் பட்டைகளின் எண்ணிக்கை, ஆக்சில் பெட்டி: இவைதான் பிறகு வீட்டில் உட்கார்ந்து செய்யும்போது தெரியாமல் தவிக்க வைப்பவை.

மீட்டர் கேஜ் காலத்துக்கு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கார்டுகள், கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு ஃபிட்டர்கள், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர்கள். “வேகன் என்ன கலர்?” என்று கேட்காதீர்கள்; நினைவு அங்கே எளிதில் ஏமாற்றும். “கதவைத் திறக்க எந்தப் பக்கம் தள்ளுவீங்கண்ணா? எங்கே கை நசுங்கும்?” என்று கேளுங்கள். கை செய்த வேலையைக் கை மறக்காது. சீல் எங்கே கட்டினார்கள், லேபிள் எங்கே செருகினார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் தானாக வரும்.

இன்று ஓடும் வேகன்களைப் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள். யார்டுக்குள் அனுமதியின்றி இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், தள்ளிவிடப்பட்ட வேகன் சத்தமில்லாமல் வரும். அளவெடுக்கிறேன் என்று இடையில் நிற்காதீர்கள்.

அளவும் கணக்கும்

மாதிரிக்கு எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு பரவலானது. நேரோ கேஜ் செய்பவருக்கு இது பெரும் வசதி. 762-ஐ 87-ஆல் வகுத்தால் 8.76 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் என் கேஜ் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் கேஜுக்கு 11.5 வரும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு. பிராட் கேஜில்தான் சிக்கல். 19.26 மில்லிமீட்டர் வேண்டும், எச்.ஓ. தண்டவாளமோ 16.5. இந்தியப் பிராட் கேஜ் வேகனை அதில் வைத்தால் அகலமான உடம்பு ஒடுங்கிய காலில் நிற்பதுபோல் தெரியும். ஓட்ட வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் வைக்க மட்டும் என்றால் 19.26-லேயே தண்டவாளம் பதியுங்கள். அது தரும் கம்பீரத்துக்காக அந்த உழைப்பைச் செய்யலாம் என்பது என் கருத்து. பழைய வரைபடம் அடி, அங்குலத்தில் இருந்தால் 1:76.2 அளவு கணக்குக்கு எளிது: ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர்.

பாக்ஸ்-என் வேகனை வைத்துக் கணக்கைப் பழகுங்கள். கப்ளர் முகம் முதல் முகம் வரை 10,713 மில்லிமீட்டர், 1:87-ல் 123.1. அகலம் 3,200, அதில் 36.8. போகி மையங்களுக்கு இடையே 6,524, அது 75. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,000, அது 11.5. பார்வைக்கு அதே போலிருக்கும் பாக்ஸ்-என்-எச்.எல். 10,963 நீளம், அதாவது மாதிரியில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் கூடுதல். மூடு வேகன்களில் ஏமாற்றம் இன்னும் பெரிது. பி.சி.என். 15,429, பி.சி.என்.ஏ. 14,450. மாதிரியில் 11 மில்லிமீட்டர் வேறுபடும். “பி.சி.என். மாதிரி ஏதோ ஒன்று” என்று படம் பார்த்துத் தொடங்கியவர் பாதியில் கதவு இடம் பொருந்தாமல் நிற்பது இதனால்தான். பக்கத்தில் எழுதியுள்ள வகைக் குறியைப் படித்த பிறகே அளவைத் தேடுங்கள்.

வரைபடமே இல்லாத நேரோ கேஜ் வேகனுக்குப் படத்திலிருந்து அளவெடுக்க வேண்டும். நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படம் மட்டுமே உதவும். படத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு நீளத்தைப் பிடியுங்கள். சக்கர விட்டமோ சக்கர இடைவெளியோ ஆவணத்தில் கிடைத்திருந்தால் அதுவே அளவுகோல். முன்னால் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், அளவுகோலும் அளக்கும் பாகமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தை வைத்துப் பின்சுவரை அளக்காதீர்கள். கடைசியில் உயரத்தையும் நீளத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, ஆண்டறிக்கையில் உள்ள கொள்ளளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

செய்தல்

உடம்புக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகடு போதும். கிடைக்காவிட்டால் சன்போர்டு ஷீட் உதவும். ஆனால் அதில் கூர்மையான விளிம்பு வராது. ஓசூரில் லேசர் கட்டிங் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பக்கச்சுவரைக் கணினியில் வரைந்து கொடுத்தால் நான்கு வேகனுக்கான சுவரை ஒரே தகட்டில் வெட்டித் தருவார்கள். லேத் பட்டறையில் நல்ல டர்னர் ஒருவர் பழக்கமானால் சக்கரமும் உள்ளூரிலேயே ஆகும். சிறு வேலை என்று மறுப்பவரிடம் வரைபடத்தையும் பழைய படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடிய கதையைக் கேட்டதும் பலருக்கு ஆர்வம் வந்துவிடும்.

தரைச்சட்டத்தை முதலில், தட்டையான கண்ணாடிமேல் வைத்துக் கட்டுங்கள். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தொடவில்லை என்றால் மேலே என்ன செய்தும் பயனில்லை. பிறகு சுவர், கடைசியில் கூரை. ஆணிக்குமிழ்களுக்கு மெல்லிய தகட்டின் பின்புறமிருந்து மழுங்கிய ஊசியால் சீரான இடைவெளியில் அழுத்துங்கள். கைப்பிடிகளுக்கு 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. எடை குறைந்தால் வேகன் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. அளவுக்குச் சொல்லும் கணக்கு: ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்-என் நீளத்துக்கு ஏறக்குறைய 97 கிராம் வரும்.

கப்ளரில் காலம் தெரியும். பழைய நான்கு சக்கர பிராட் கேஜ் வேகனுக்கு இரண்டு பக்கமும் பஃபர், நடுவே திருகுச் சங்கிலி. பாக்ஸ் வகை வந்தபின் நடுவே ஒரே கப்ளர். மீட்டர் கேஜுக்கு நடு பஃபரும் அதன்மேல் விழும் கொக்கியும். திருப்பத்தூர் மாற்றுப் பிளாட்பாரத்தைச் செய்பவர் ஒரு பக்கம் இரட்டைப் பஃபர் பிராட் கேஜ் வேகனையும், மறுபக்கம் அதன் தோள் உயரம்கூட எட்டாத நேரோ கேஜ் வேகனையும் நிறுத்தி, நடுவே மூட்டை சுமக்கும் ஆட்களை வைக்கலாம். இந்தப் பாதைகளின் வாழ்க்கையை இதைவிட நன்றாகச் சொல்லும் காட்சி வேறில்லை.

வண்ணமும் எழுத்தும்

வாக்குவம் பிரேக் வேகன்களுக்குச் செங்காவி நிறம். நம் ஊர் ரெட் ஆக்சைடு பிரைமருக்கு வெகு நெருக்கம். காற்றழுத்த பிரேக்கோடு 1980-களில் வந்த பாக்ஸ்-என் வேகன்கள் ஆலிவ் பச்சையில் இருந்தன. பிந்தைய காலத்தில் பழுப்பு பரவியது. நேரோ கேஜுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் கையில் இருந்தால், நிறத்தை ஊகித்ததாக நோட்டில் எழுதி வையுங்கள். எடை எழுதுவதிலும் காலம் பாருங்கள்: பழைய வேகனில் டன்னும் ஹண்ட்ரட்வெயிட்டும், 1960-க்குப் பின் படிப்படியாக மெட்ரிக் டன்.

இப்போதைய வேகன்களின் பதினோரு இலக்க எண்ணைக் கற்பனையாகப் போட்டால் அறிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். முதல் இரண்டு இலக்கம் வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே (தெற்கு ரயில்வேக்கு 06), அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். உதாரணமாக 3006121457 என்று எடுத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடத்து இலக்கங்கள் 0, 6, 2, 4, 7, கூட்டினால் 19, மூன்றால் பெருக்க 57. ஒற்றைப்படை இடங்கள் 3, 0, 1, 1, 5, கூட்டினால் 10. மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கான 70-க்கு 3 குறைகிறது. ஆக எண் 30061214573. கட்டிய ஆண்டு உங்கள் நோட்டின் முதல் வரிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள்.

சொந்தக்காரர் எழுத்தில் நேரோ கேஜுக்கும் மற்றவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நேரோ கேஜ் வேகன் தன் பாதையை விட்டு வெளியே போக வழியில்லை. எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி எழுத்து. பிராட் கேஜ் வேகன் நாடெங்கும் சுற்றும். ஓசூரில் நிற்கும் ஒரு ரேக்கில் கிழக்கு, மேற்கு, வடக்கு என எல்லா ரயில்வேயின் எழுத்தும் கலந்திருக்கும். எல்லாவற்றிலும் தெற்கு ரயில்வே என்று எழுதுவது ஊர்ப்பாசம்தான், ஆனால் சரியில்லை.

அழுக்கை மேலிருந்து கீழாகப் பூசாதீர்கள். இந்த வட்டாரத்தின் செம்மண் தூசி கீழிருந்து ஏறும். மழைநீர் கூரை விளிம்பிலிருந்து கோடாக இறங்கும். சிமென்ட், உரம் ஏற்றிய வேகனுக்குக் கதவைச் சுற்றி வெளிறல். பணிமனையில் பழுது பார்த்துத் தேதி எழுதிய இடம் மட்டும் புதுச் சதுரமாகப் பளிச்சிடும். சுண்ணக்கட்டியால் கிறுக்கிய குறிகள் கை எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

வேகனுக்கு ஒரு தாள்

ஒவ்வொரு வேகனுக்கும் தனித் தாள் வைத்து, பாகம் பாகமாக மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ஆவணம் பார்த்தது, உறவு வேகனிலிருந்து எடுத்தது, ஊகித்தது. ஊகங்களைச் சிவப்பு மையில் எழுதினால் அடுத்து எதைத் தேட வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும். முதல் முயற்சிக்கு ஓசூரில் இன்று கண்ணால் பார்க்கக்கூடிய பிராட் கேஜ் வேகன் ஒன்றைச் செய்யுங்கள். சிவப்பு வரி அநேகமாக இருக்காது, கையும் பழகும். இரண்டாவதாக மீட்டர் கேஜ் மூடு வேகன். கிருஷ்ணகிரி வேகன் மூன்றாவதாக வரட்டும். அதற்குள் ஆவணக் காப்பகத்துக்குப் போட்ட கடிதத்துக்குப் பதிலும் வந்திருக்கும். தாளின் நகல் ஒன்றை உங்கள் ஊர் நூலகத்துக்கும், ஒன்றைத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கும் அனுப்பி வையுங்கள். தாத்தா வேகனருகே நிற்கும் பழைய படம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கலாம். அதை வைத்திருப்பவர் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று சொல்ல, தாள் அவர் கண்ணில் பட வேண்டும்.